ஹார்ட்டில்பூலில் நம் ஊர்ப் பெயரோடு ஒரு கப்பல்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அண்ணாவும் அண்ணியும் எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். குளிர்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்துவரவில்லை.

போன கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வசனம் எனக்குள் நின்றுவிட்டது. "கப்பலைக் கட்டுகிறவனுக்குப் பெயர் இருக்கிறது அப்பா, பழுதுபார்க்கிறவளை யாருக்குத் தெரியும்?" என்றாய். நாள் முழுக்க வெயிலில் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் டாக்கில் நின்ற களைப்பில் பிள்ளை அப்படிச் சொல்கிறாள் என்றாள் அம்மா. எனக்கு அது வெறும் களைப்பாகத் தெரியவில்லை. கப்பல் வடிவமைக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டாய். விண்ணப்பிப்பது உன் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் முன் இந்தக் கடிதத்தை வாசித்துவிடு.

சனிக்கிழமை அண்ணா எங்களை ஹார்ட்டில்பூலுக்கு அழைத்துப் போனான். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர். அங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் மூன்று பாய்மரங்களுடன் ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து வைக்கவில்லை, தண்ணீரில் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான். கப்பலின் முன்முனையான அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் சிலை இருக்கிறது. அம்மா அதற்கு நேர் கீழே நின்று, நிமிர்ந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணேசர் கோவில் வீதியில் பிறந்து வளர்ந்தவள் இந்தக் குளிர் தேசத்தில் தன் ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலைப் பார்த்தால் வேறென்ன செய்வாள்?

நம்மைப் பெருமைப்படுத்த வைத்த பெயர் அல்ல அது. 1782 செப்டம்பர் 3 ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் மோதினார்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் சஃப்ரன் நம் துறைமுகத்தைப் பிடித்திருந்தார். இரு பக்கமும் அடிபட்டுப் பிரிந்தன, முடிவு எதுவும் வரவில்லை. அந்தக் கடற்போரின் நினைவாகத்தான் இந்தப் பெயர். நம் கடலில், நம்மைக் கேட்காமல், வேறு இருவர் போட்ட சண்டை. நம் துறைமுகத்தின் சரித்திரத்தில் பாதி இப்படித்தான். இதை அங்கேயே அண்ணாவின் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியவன் கவனமாகக் கேட்டான்.

கட்டியவர்களின் கதையை நீ கட்டாயம் அறிய வேண்டும். இந்தக் கப்பல் இங்கிலாந்தில் பிறக்கவில்லை. நெப்போலியனோடு நடந்த போர்களுக்குக் கப்பல் கட்டிக் கட்டி அங்கே ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகவே பம்பாயில் கட்டச் சொன்னார்கள். கட்டியவர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா. அவருடைய பாட்டனார் லவ்ஜி நசர்வான்ஜி 1736 இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பார்சி தச்சர். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் கையில்தான் பம்பாய்க் கப்பல்துறை இருந்தது. பார்சி வழக்கப்படி கப்பலின் அடிமரமான ஏராவில் ஒரு வெள்ளி ஆணியை அடித்து வேலையைத் தொடங்கினார்கள். 1817 ஒக்டோபர் 12 இல் கப்பல் நீரில் இறங்கியது. பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி, அகலம் 40 அடி. செலவு 23,000 பவுண்.

வரைபடங்களின் கதை இன்னும் விசித்திரமானது. 1812 இல் கட்டளை பிறந்ததும் வரைபடங்களை ‘ஜாவா’ என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ ஜாவாவை அடித்து நொறுக்கியது, வரைபடங்களும் போயின. மறுபடி அனுப்பி, 1816 இல்தான் வேலை தொடங்கியது. அந்தக் கான்ஸ்டிடியூஷன் 1797 இல் நீரில் இறங்கி இன்றைக்கும் போஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது. உலகில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் அதுதான் மூத்தது. அடுத்தது நம் ஊர்ப் பெயர் கொண்டது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ இரண்டையும் விடப் பழையது என்றாலும் அது நீரில் இல்லை, போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது.

உள்ளே இறங்கினோம். கீழ்த்தளத்தில் நான் முழு உயரத்துக்கு நிமிர முடியவில்லை. பீரங்கிகள் இதற்கு மேல் தளத்தில், இங்கே மேசைகள். மாலுமிகள் சாப்பிட்டதும் தூங்கியதும் ஒரே இடத்தில். தூங்கியது விட்டங்களில் கொக்கி மாட்டித் தொங்கவிட்ட படுக்கைகளில், ஒருவர் தோள் மற்றவர் தோளில் இடிக்கும் நெருக்கத்தில். கப்டனுக்கு மட்டும் பின்புறத்தில் வெளிச்சம் கொட்டும் அறை. சின்னப் பேரன் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு பெயர் வைத்தான். நான் ஒரு விட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மலபார்த் தேக்கு. இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகியும் கைக்கு உறுதியாக இருந்தது.

ஓக்கில் உள்ள ஒருவித அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் உள்ள எண்ணெய் அதே ஆணியைக் காக்கும். இது உன் துறை. அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கடற்புழு துளைக்காமல் இருக்க அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு அடித்தார்கள். செம்பும் இரும்பும் உப்பு நீரில் ஒன்றாக இருந்தால் இரும்புதான் கரையும் என்பதைக் கப்பல்களைப் பறிகொடுத்தே கற்றார்கள். பிறகு செம்பே கரைகிறது என்று விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியிடம் கேட்டார்கள். அவர் 1824 இல் துத்தநாகத்தையும் இரும்பையும் துண்டு துண்டாகத் தகட்டில் பொருத்திப் பார்த்தார். அவை கரைய, செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் சிப்பியும் பாசியும் அடியில் அப்பிக் கப்பலின் வேகம் குறைந்தது. நீ கப்பல் அடியில் துத்தநாகக் கட்டிகளை மாற்றுவதைப் பற்றி எனக்கு ஒருமுறை படம் போட்டு விளக்கினாயே, அந்த வேலையின் மூதாதை இதுதான். நீ நாள்தோறும் செய்வது இருநூறு வருடத்துக் கல்வி, பிள்ளை.

தேக்கைப் பற்றி எழுதும்போது மலபார்க் காடுகளை விட்டுவிட எனக்கு மனமில்லை. 1806 இல் கிழக்கிந்தியக் கும்பனி அரசு கப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளின் காப்பாளராக வைத்தது. பெயர்தான் காப்பாளர். பம்பாய்க் கப்பல்துறைக்குத் தேக்கு குறையாமல் போக வேண்டும், அதுதான் வேலை. அவர் தேக்கைத் தனியுரிமை ஆக்கினார். தன் நிலத்தில் நின்ற மரத்தைக்கூடக் குடியானவன் தொட முடியாத நிலை வந்தது. வியாபாரிகளும் நிலக்காரர்களும் கொதித்தார்கள். கடைசியில் 1823 இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். அதற்குள் காடு பெருமளவு மெலிந்துவிட்டது. 1840களில் மலபார்க் கலெக்டர் கனோலியும் அவரிடம் வேலைபார்த்த சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கு நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றைக்கும் நிற்கிறது. நான் தொட்ட விட்டம் அதற்கெல்லாம் முந்தைய காட்டு மரம். அதை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டவர்களும், இழைத்துப் பொருத்திய பம்பாய்த் தச்சர்களும், நீர் புகாதபடி இடுக்குகளில் நார் திணித்துக் கலப்பற்று அடித்தவர்களும் அந்த விட்டத்தில் இருக்கிறார்கள். கப்பலைப் பார்த்து வியக்கிறவர்கள் காட்டுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் கப்பல் 1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்தபோது சண்டைகள் ஓய்ந்திருந்தன. 1845 வரை ஒதுக்கி நிறுத்தி வைத்தார்கள். பிறகு பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பலத்தைக் கூட்டி, பின்புறத்தையும் மாற்றி அமைத்து 1847 இல் அனுப்பினார்கள். வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், 1852 முதல் 1857 வரை பசிபிக். அதற்குள் நீராவி வந்துவிட்டது. 1860களில் ஹார்ட்டில்பூலில் கடற்படைப் பயிற்சிக் கப்பலாக நின்றது, பிறகு சவுத்தாம்டனில். 1897 இல் உடைப்பதற்கென்று விற்றுவிட்டார்கள்.

அந்த வருடமே நெல்சனின் பழைய கொடிக்கப்பலான ‘ஃபூட்ரொயன்ட்’ பிளாக்பூல் கரையில் புயலில் சிதறியது. அதை வைத்திருந்த வீட்லி கொப் என்பவர் அதற்குப் பதிலாக நம் கப்பலை வாங்கி, அதே ஃபூட்ரொயன்ட் என்ற பெயரைச் சூட்டினார். திருகோணமலை என்ற பெயர் போயிற்று. ஆனால் கப்பல் தப்பியது. ஃபால்மவுத், மில்ஃபர்ட் ஹேவன், போர்ட்ஸ்மவுத் என்று இடம் மாறி மாறி 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அத்தனை காலமும் யாரோ ஒருவர் பலகைகளைத் தட்டிப் பார்த்து, நீர் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரக்கப்பல் தாங்காது. இது எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

1987 இல் ஒரு மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் ஹார்ட்டில்பூல்? அந்த ஊரின் கப்பல் கட்டும் தளங்கள் 1960களிலேயே மூடப்பட்டுவிட்டன. ஆனால் 1979 இல் ‘வாரியர்’ என்ற 1860 ஆம் வருடத்து இரும்புப் போர்க்கப்பலை அங்கே இழுத்து வந்து, எட்டு வருடம் உழைத்து மீட்டார்கள். வேலையில்லாமல் போன ஊரில் மீண்டும் கப்பல் வேலை நடந்தது. வாரியர் போர்ட்ஸ்மவுத்துக்குப் போனதும் அந்த அனுபவம் இந்தக் கப்பலுக்குக் கிடைத்தது. 1990 இல் வேலை தொடங்கி 2001 இல் முடிந்தது. பம்பாயில் பொருத்திய மரத்தில் பாதிக்கு மேல் அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்து முடிவெடுத்த வேலை அது. நடுவில், 1992 இல், பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாடியா ஒருமுறை கட்டினார். அதன் பின் பிழைக்க வைத்தவர்கள் உன் தொழில் செய்தவர்கள்.

திரும்பும் வழியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். பிள்ளைக்கு எழுதுங்கள், தொலைபேசியில் சொன்னால் பாதியில் வேலைக்கு ஓடிவிடுவாள் என்றாள். அதனால்தான் இவ்வளவு நீளம்.

ஊருக்குத் திரும்பும்போது தை மாதத்தில் கேரளம் வழியாகப் போகலாம் என்று நினைக்கிறோம். ஷொர்ணூரிலிருந்து நிலம்பூருக்கு ரயில் இருக்கிறது. கனோலி தோட்டத்தையும் அங்குள்ள தேக்கு அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். உனக்கு ஒரு கிழமை லீவு கிடைத்தால் சிங்கப்பூரிலிருந்து கொச்சிக்கு வந்துவிடு, அங்கிருந்து சேர்ந்து போகலாம். உன் மேலாளரிடம் இப்போதே கேட்டு வை. டிக்கெட் போட எனக்குத் திகதி வேண்டும். அம்மா பருத்தித்துறை வடை செய்து கொண்டுவருவதாகச் சொல்கிறாள், அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா