சேகருக்கு, பம்பு சுடுவது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்று படித்ததும் நமக்கு எவ்வளவு வயசாகிவிட்டது என்று உறைத்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது, கூடவே என் முட்டிவலியும்.

சரி, காற்றடிக்கும்போது பம்பு ஏன் சுடுகிறது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அழுத்தம் கூடினால் காற்று சூடாகும் என்று உன் பையன் சொன்னது பாதிதான் சரி. பஞ்சர் கடை கம்ப்ரஸர் டேங்கை நிரப்பிவிட்டு ராத்திரி முழுக்கச் சும்மா விட்டால், காலையில் தொடும்போது ஜில்லென்றுதான் இருக்கும். உள்ளே அழுத்தமோ பெரிதாக இறங்கியிருக்காது. சூடு வந்ததெல்லாம் அமுக்குகிற நேரத்தில்தான். முன்னேறி வரும் மட்டையில் பட்ட பந்து வேகம் கூடித் திரும்புமே, அப்படித்தான் பிஸ்டனில் மோதும் மூலக்கூறுகளும். நம் கை செய்த வேலை அவற்றின் வேகமாகிறது, அதுதான் சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார், தெரியும்.

டீசல் எஞ்சினின் பிழைப்பே இதில்தான். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காகச் சட்டென்று அமுக்கினால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். மெதுவாக அமுக்கினால் சூடு சிலிண்டர் சுவர் வழியே ஓடிவிடும். குளிர்காலத்தில் பழைய வண்டிகள் கிளம்ப மறுப்பதற்கு இது ஒரு காரணம்; சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக் வைப்பதும் இதற்காகத்தான்.

விரிந்தால் குளிரும் என்பதிலும் இதே சிக்கல் உண்டு. 1845-இல் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இரண்டு செம்புக் கலங்களைத் தண்ணீரில் வைத்தார். ஒன்றில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 22 மடங்கு அழுத்தத்தில் காற்று, மற்றதில் வெற்றிடம். நடுவில் இருந்த குழாயைத் திறந்தார். அழுத்தம் விழுந்தது, தண்ணீரின் வெப்பநிலையோ அசையவில்லை. தள்ளுவதற்கு எதிரே எதுவும் இல்லையே, காற்று எதற்காக ஆற்றலைச் செலவழிக்கும்? எனக்கு இயற்பியலிலேயே ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்ற தெர்மாமீட்டரே விடை சொல்லிவிட்டது.

அப்புறம் 1850-களில் அவரும் வில்லியம் தாம்சனும் (பின்னாளில் கெல்வின் பிரபு) காற்றை நுண்துளைகள் நிறைந்த ஓர் அடைப்பு வழியே செலுத்தியபோது லேசான குளிர்ச்சி தெரிந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால், விலகும்போது அந்த இழுப்பை மீறவே கொஞ்சம் ஆற்றல் போகிறது. ஆனால் ஹைட்ரஜன் அறை வெப்பநிலையில் அப்படி விரிந்தால் சற்றுச் சூடாகிறது! ஏன் என்று உன் பையனிடம் கேட்டு எழுது. பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருகிறாயா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
முருகேசன்