கூண்டுவண்டிக் காதல்

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது.

நீ அனுப்பிய ஜேனட் ஓக் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். ‘இதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று உன் மருமகள் சிரித்தாளாமே, சிரிக்கட்டும். அமெரிக்காவில் கூண்டுவண்டியில் மேற்கே குடியேறப் போகிற வழியில், கதாநாயகி மார்ட்டியின் புருஷன் செத்துப்போகிறான். புதைத்த மண் காய்வதற்குள் முன்பின் தெரியாத கிளார்க் வந்து கல்யாணம் கேட்கிறான். அவன் குழந்தைக்குத் தாய் வேண்டும், இவளுக்குக் குளிர்காலத்தைத் தாண்ட ஒரு கூரை வேண்டும். பிடிக்காவிட்டால் வசந்தத்தில் கிழக்கே திரும்பும் வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்கும் தருகிறான். அவர்களுடைய ஜெபத்தைவிட, சமைக்கத் தெரியாமல் வேளாவேளைக்குப் பான்கேக்கே சுட்டுப் போடுகிறாளே, அதுதான் எனக்குப் பிடித்தது.

இப்படியும் நடக்குமா என்று கேட்டிருந்தாய். இதைவிடவும் நடந்திருக்கிறது. நார்சிஸா விட்மேனைப் பற்றிச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்துக்காரி, மிஷனரியாகப் போக ஆசைப்பட்டவள். கல்யாணம் ஆகாத பெண்ணை அனுப்ப மிஷன் சங்கம் தயங்கியது. டாக்டர் மார்கஸ் விட்மேனுக்கும் மேற்கே போக மனைவி தேவை. கொஞ்ச நாள் பழக்கத்திலேயே பேசி முடித்தார்கள். 1836 பிப்ரவரி 18-ல் கல்யாணம், மறுநாளே பயணம். மணப்பெண் உடுத்தியது கறுப்பு உடை.

உடன் வந்தவர் ஹென்ரி ஸ்பால்டிங். முன்பு நார்சிஸாவைப் பெண் கேட்டு, அவள் வேண்டாம் என்று மறுத்துவிட்ட ஆள்! அவரும் அவர் மனைவி எலைசாவும் இவர்களும் படுத்தது ஒரே கூடாரத்தில். எந்த நாவலாசிரியைக்கு இந்தத் துணிச்சல் வரும், சொல்?

நார்சிஸா வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மரமே இல்லாத புல்வெளியில் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்துச் சமைத்தார்களாம். இதைப் படித்தால் தங்கை ஹாரியட் முகம் சுளிப்பாள், ஆனால் இங்கே இருந்தால் ராத்திரிச் சாப்பாடு வெந்தால் போதும் என்றுதான் இருப்பாள் என்று கேலி செய்கிறாள். வறட்டி தட்டிய வீட்டில் வளர்ந்த நமக்கு இதில் சுளிக்க என்ன இருக்கிறது! ராக்கி மலையை அவளும் எலைசாவும் தாண்டியபோது, அந்த வழியில் வந்த முதல் வெள்ளைக்காரப் பெண்கள் அவர்கள்தாம்.

அப்புறம் நடந்ததை இந்த நாவல்கள் தொடுவதில்லை. 1837-ல் பிறந்த மகள் ஆலிஸ், இரண்டு வயதில் வீட்டுப் பக்கத்து ஆற்றில் மூழ்கிப் போனாள். 1844-ல், பயணத்தில் தாய் தகப்பனை இழந்த சேகர் என்ற குடும்பத்துக் குழந்தைகள் ஏழு பேரை எடுத்து வளர்த்தார்கள். 1847-ல் தட்டம்மை வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள், அவர்கள் குடியேறிய மண்ணுக்குச் சொந்தக்காரர்களான கையூஸ் என்ற பழங்குடி மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போய்விட்டார்கள். நோயாளி செத்தால் வைத்தியன் உயிரைக் கேட்பது அவர்கள் வழக்கம். நவம்பர் 29-ல் மார்கஸும் நார்சிஸாவும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்காக 1850-ல் கையூஸ் ஆட்கள் ஐந்து பேரை ஆரிகன் நகரில் தூக்கிலிட்டார்கள்.

நாவலில் கிளார்க் உழுகிற நிலம் யாருடையது என்று யாரும் கேட்பதே இல்லை, கவனித்தாயா? கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தட்டம்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கையூஸ் தாய் சொல்வதாக யாராவது இதே கதையை எழுதினால், முதல் ஆளாக வாங்குவேன்.

சேகர் பிள்ளைகளில் கேத்தரின் பெரியவளான பிறகு நினைவுக் குறிப்பு எழுதியிருக்கிறாள். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உன் தம்பி இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மருமகளிடமும் கொடு.

அன்புடன்,
ஜெயா