ஒலி மோடம்: ‘பவரைக் கூட்டுங்கள்’ என்ற பதிலை ஏற்க முடியாது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: உங்கள் நீரடி ஒலி மோடம் ஜோடியின் குறைகள்

ஐயா / அம்மா,

பாக் நீரிணைக் கரையோரம் 8 மீட்டர் ஆழத்தில், 500 மீட்டர் இடைவெளியில் நிறுத்திய, தரவை ஒலியாக மாற்றி நீரடியில் அனுப்பும் இரண்டு மோடங்களும் ஒன்றோடொன்று பேசவில்லை. 1 கிலோமீட்டர் வரை விநாடிக்கு 9,600 பிட் என்று விளம்பர ஏட்டில் அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் புகாருக்கு வந்த பதில், பவரைக் கூட்டச் சொல்கிறது.

லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். பாக்கெட்டின் (ஒரே தொகுப்பாக அனுப்பும் தரவின்) தொடக்கத்தை அறிவிக்கும் முன்குறி ஒவ்வொரு முறையும் பிடிபடுகிறது. அதற்குப் பின் தரவு பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையில் தோற்கிறது. சிக்னல் போதிய வலுவோடுதான் வருகிறது, எதிரொலியில் குழம்புகிறது. இந்த ஆழத்தில் ஒலி நீர்ப்பரப்பிலும் தரையிலுமாகப் பத்து முறை மோதி வந்தால், நேர்வழி ஒலியைவிட 4 மில்லிவிநாடி தாமதமாகும். உங்கள் மோடத்தில் ஒரு குறியீட்டின் (பிட்டுகளைச் சுமக்கும் சிறு ஒலித்துண்டின்) நீளம் 0.2 மில்லிவிநாடி. அதாவது ஒரு குறியீட்டின் எதிரொலி அடுத்த 20 குறியீடுகளின் மீது விழுகிறது. பவரைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். ஆழ்கடலில் மேலிருந்து கீழாக எடுத்த அளவை ஆழமற்ற கடலுக்கும் பொருந்துவதுபோல் அச்சிட்டது தவறு.

இன்னொன்று, இது முழுக்க உங்கள் ஃபர்ம்வேர் (மோடத்துக்குள் இருக்கும் மென்பொருள்) பிழை. ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர்தான் ஓடும். 500 மீட்டர் போய்த் திரும்ப 0.67 விநாடி வேண்டும். ‘கிடைத்தது’ என்று மறுமுனை அனுப்பும் ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரத்தையோ 0.5 விநாடி என்று மாற்ற முடியாதபடி வைத்திருக்கிறீர்கள். ஒப்புகை வந்து சேருமுன்பே மோடம் மறுபடி அனுப்பி, தன் ஒலியாலேயே அதை அழிக்கிறது.

மோடத்தைத் தாங்கிய படகு விநாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தாலே, ஒரு விநாடி நீளப் பாக்கெட்டில் ஒன்றரைக் குறியீடு நழுவுகிறது. நகர்வால் சிக்னல் சுருங்கி நீள்வதைச் சரிசெய்யும் டாப்ளர் திருத்தம் பாக்கெட்டின் தொடக்கத்தில் மட்டும் இருப்பது போதாது. கொடுக்கைச் சொடுக்கும் இறால்களின் வெடிச்சத்தத்தில் அடுத்தடுத்த பிட்டுகள் மொத்தமாகக் கெடாதிருக்க, பிட்டுகளைக் கலைத்து அடுக்கும் வசதியும் இல்லை.

நாங்கள் கேட்பது உலகில் இல்லாத வித்தை அல்ல. நேட்டோ இராணுவக் கூட்டணியின் நீரடித் தொடர்புக்கான ஜானஸ் தரமுறை விநாடிக்கு 80 பிட் மட்டுமே அனுப்புகிறது. 13 அலைவெண் ஜோடிகளில் தாவி, ஒவ்வொரு தொனியையும் 6.25 மில்லிவிநாடி நீட்டுகிறது. 4 மில்லிவிநாடி எதிரொலி அந்தத் தொனிக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கள் வெப்பநிலை சென்சாருக்கு அந்த வேகமே தாராளம்.

ஆகவே, அலைவெண் தாவும் மெதுவேக முறை, மாற்றக்கூடிய காத்திருப்பு நேரம், பாக்கெட் நீளத்தைக் குறைக்கும் வசதி ஆகியவற்றோடு புதிய ஃபர்ம்வேரை 30 நாட்களுக்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் இரண்டு மோடங்களையும் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். லாக் கோப்புகளும் ஹைட்ரோஃபோன் (நீரடி மைக்) பதிவும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
கடல் அளவீட்டுக் குழுவினர்