இழுப்பறைச் சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏம்மா, வீட்டுக்குள்ள சண்டை போடுற படத்தையே தேடிப் பிடிச்சுப் பார்க்கிறே?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

தாத்தா 'சோவியத் நாடு' பத்திரிகை வாங்குவார். வழவழப்பான தாள், பள்ளி நோட்டுக்கு அட்டை போடத் தோதாக இருக்கும். என் கணக்கு நோட்டின் மேல் ஒரு ரஷ்யக் குடும்பம் வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா, அப்பா, ரிப்பன் கட்டிய பெண். அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள் என்றே நம்பினேன்.

போன மாதம் பார்த்தது 1988இல் வந்த 'லிட்டில் வேரா' என்ற சோவியத் படம். இயக்கிய வசீலி பிச்சுலுக்கு அப்போது 27 வயது. கதை அவர் மனைவி மரியா ஹ்மெலிக்குடையது. உக்ரைனில் அசோவ் கடலோரத்தில் பிச்சுல் பிறந்து வளர்ந்த மரியுபோலிலேயே எடுத்தார்கள். அன்று அந்த ஊருக்கு ஜ்தானோவ் என்று பெயர். ஆலைப் புகை, ரயில் சத்தம், நெருக்கமான அடுக்குமாடி வீடுகள். சோவியத் திரையில் அதுவரை காட்டாத படுக்கையறைக் காட்சி இருந்ததால் அதைப் பற்றியே ஊர் பேசியது. சுமார் 5.5 கோடிப் பேர் பார்த்தார்கள். இந்த மாதிரிப் படங்களுக்குக் 'கருப்பு' என்ற சொல்லிலிருந்து 'செர்னூகா' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இருட்டைக் காட்டுவதற்காக எடுத்த படமாக அது எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தொண்டையை அடைத்தது ஆரம்பக் காட்சிதான். மகள் வேராவின் பையில் இருபது டாலர் அகப்படுகிறது. வெளிநாட்டுப் பணம் வைத்திருப்பதே அன்று அங்கே குற்றம். அம்மாவும் அப்பாவும் அவளிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. கத்துகிறார்கள், மாஸ்கோவில் டாக்டராக இருக்கும் மகனுக்குப் போன் போடுகிறார்கள். அந்த அம்மா கெட்டவள் இல்லை பாப்பா. ஆலையில் உழைத்துவிட்டு வந்து சமைக்கிறாள், பரிமாறுகிறாள், சாப்பிடு சாப்பிடு என்கிறாள். வேறு எப்படிப் பாசம் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரி ஓட்டும் அப்பா குடித்துக் குடித்தே அழிகிறார். ஒரு நாள் வேராவின் காதலனைக் கத்தியால் குத்திவிடுகிறார். அப்பாவைக் காப்பாற்றப் பொய் சொல்லு என்று வீடே அவளை நெருக்குகிறது. கடைசியில் அவர் சமையலறையில் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வேரா" என்று கூப்பிடுகிறார். மற்றவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். யார் காதிலும் விழவில்லை.

அப்புறம் பார்த்தது கீரா முராத்தவா என்ற சோவியத் பெண் இயக்குநரின் 'நீண்ட பிரிவுகள்'. 1971இல் எடுத்ததை முடக்கிவைத்து, 1987இல்தான் வெளியே விட்டார்கள். அதில் குடியில்லை, கத்தியில்லை. மகன் தன்னை விட்டு அப்பாவிடம் போய்விடுவானோ என்று பயந்தே அவன் மூச்சை முட்டவைக்கும் ஒரு அம்மா. கடைசியில் ஒரு நிகழ்ச்சியில், தன் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அத்தனை பேர் முன்னால் அடம்பிடித்து நிற்பாள். மகன் வந்து, அம்மா, உன்னை எனக்குப் பிடிக்கும், நான் எங்கும் போகமாட்டேன் என்பான். அதற்கு மேல் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

2022இல் மரியுபோல் குண்டுகளில் நொறுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பாய். படத்தில் பார்க்கும் அந்த மாதிரி வீடுகள் பல இன்று இல்லை. அந்தப் படத்திலாவது அவை இருக்கின்றன, சண்டையோடும் சோற்றோடும்.

நீ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது உன் மேஜை இழுப்பறைக்கு ஒரு மாற்றுச் சாவி செய்துவைத்தேன். உன் டைரியை இரண்டு தடவை படித்தேன். அதில் தப்பாக ஒன்றும் இல்லை. தனியாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தாய். அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோசைதான் வார்த்துப் போட்டேன்.

அந்தச் சாவி இன்னும் என் மஞ்சள் பர்ஸில் இருக்கிறது. கொரியரில் அனுப்பவா, பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறாயா?

அம்மா