ஷெட்யூலர் தாமதத்தைப் பிடிக்க உதவியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் டேட்டாபேஸ் சர்வர்கள் அவ்வப்போது திணறியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. த்ரெட்டுகள் (ப்ரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) டிஸ்க்குக்காகக் காத்திருக்கவில்லை, சிபியு கிடைக்காமல் ஷெட்யூலரின் (யாருக்கு எப்போது சிபியு என்று முடிவுசெய்யும் பகுதி) வரிசையில் நின்றிருக்கின்றன.

முதல் நன்றி, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதும் லாக்கைப் பார்க்கச் சொன்ன எங்கள் குழு அக்காவுக்கு. லினக்ஸில் காத்திருப்பு நேரத்தைக் காட்டும் 'ஷெட் ஸ்டாட் வெயிட்' ட்ரேஸ்பாயின்ட்டை (கர்னலுக்குள் நடப்பதைக் கவனிக்க வைத்திருக்கும் புள்ளி) ஆன் செய்திருந்தோம். எரரும் இல்லை, ஒரு வரி டேட்டாவும் இல்லை. இந்த ட்ரேஸ்பாயின்ட்டுகளுக்கு ஷெட்ஸ்டாட்ஸ் (ஷெட்யூலரின் புள்ளிவிவரக் கணக்கு) ஆன் ஆகியிருக்க வேண்டும் என்று கர்னல் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு ஓய்ந்திருந்தது. அந்த வரியைத் தேடி எடுத்தவர் அவர்தான். காத்திருப்பு எப்போது தொடங்கியது என்று குறித்துவைப்பது ஷெட்ஸ்டாட்ஸ். அது குறிக்காவிட்டால் ட்ரேஸ்பாயின்ட்டுக்குக் காட்ட எதுவுமே இருக்காது.

சரி, ஷெட்ஸ்டாட்ஸையே ஆன் செய்துவிடலாமே? ஒரு த்ரெட் விழிக்கும்போதும் மாறும்போதும் கணக்கு எழுத நேரம் செலவாகும். அந்தச் செலவை எல்லார் தலையிலும் கட்ட வேண்டாம் என்று 2016-இல், 4.6 கர்னலில், அதை இயல்பாகவே ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்தவர் மெல் கோர்மன். அவருக்கும் என் நன்றி. எங்களைப் போல லோடு அதிகமுள்ள இடங்களில் அது பெரிய உபகாரம்.

அப்புறம், ஷெட்ஸ்டாட்ஸைத் தொடாமலே அளக்கலாம் என்று காட்டிய நண்பருக்கு. த்ரெட் விழித்த நேரத்தை 'ஷெட் வேக்கப்' ட்ரேஸ்பாயின்ட் தரும், சிபியு ஏறிய நேரத்தை 'ஷெட் ஸ்விட்ச்' ட்ரேஸ்பாயின்ட் தரும், கழித்தால் காத்திருப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிடப்பட்ட த்ரெட் விழிக்காமலே வரிசைக்குத் திரும்பும், அதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னதுதான் முக்கியம். எங்கள் தாமதத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. இதே வழியில் பிசிசி என்ற ட்ரேஸிங் கருவித் தொகுப்பில் 'ரன்க்யூலாட்' கருவியை எழுதித் தந்த பிரெண்டன் கிரெக்குக்கும் நன்றி. கர்னல் தன் தகவல்களைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள 'ஷெட்ஸ்டாட்' கோப்பின் இரண்டாவது எண்ணோடு (வரிசையில் காத்திருந்த நேரம்) ஒப்பிட்டோம், கணக்கு ஒத்துவந்தது.

ஷெட்ஸ்டாட்ஸ் புள்ளிவிவரங்களை, சாதாரண த்ரெட்டுகளைக் கவனிக்கும் ஃபேர் வகுப்பிலிருந்து பிரித்தெடுத்து, நேரக் கட்டுப்பாடுள்ள ரியல்டைம், டெட்லைன் த்ரெட்டுகளுக்கும் 5.16 கர்னலில் கிடைக்கச் செய்த யாஃபாங் ஷாவோவையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, லைவ் சர்வரில் ட்ரேஸ் ஓட்ட விட்டு, ராத்திரியெல்லாம் கூடவே கண்விழித்த ஆபரேஷன்ஸ் நண்பர்களுக்கு. நீங்கள் நம்பி அனுமதித்ததால்தான் இது நடந்தது. ஸ்கிரிப்ட் உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டேட்டாபேஸ் குழுத் தோழன்