காலண்டர் தாளின் பின்பக்கம்

கும்பகோணம்,
15.06.2025

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் சித்திரையில் வந்தது. பதில் ஆனியில் போகிறது. ‘ராஜிக்குப் பதில்’ என்று பதினோரு நாள் காலண்டர் தாளில் எழுதி, பதினோரு தடவையும் மறுநாளுக்குத் தள்ளியிருக்கிறேன். திட்டாதே, காரணம் சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, நாக்குதான் வரவில்லை. பேரனுக்கு முதல் பல் விழுந்தது. கூரையில் எறியலாம் என்றால் அவர்கள் இருப்பது நாலாவது மாடியாம், பல்லை டப்பியில் போட்டு வைத்திருக்கிறான்.

போனில் நாற்பத்து மூன்று வேலைகளை ஏற்றிவைத்து, அது காலை ஏழு மணிக்கு டிங் டிங்கென்று அடிக்க, நீ சத்தத்தை அணைத்துவிட்டதாக எழுதியிருந்தாயே, வாய்விட்டுச் சிரித்தேன். ஹாஸ்டல் அலாரத்துக்கும் அதைத்தானே செய்தாய்! ‘நீ எப்படிடி பட்டியல் போடுகிறாய்?’ என்று என்னைப் போய்க் கேட்டிருக்கிறாய். என் கதையைக் கேள்.

என் பட்டியல் அப்பாவுடையது. எங்கள் வீட்டுக் கூடத்துத் தினசரி காலண்டர் உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் எழுதுவார். ‘தேங்காய் 2. உரக்கடை பாக்கி. கரண்ட் பில்.’ ராத்திரி, முடிந்ததை அடித்துவிட்டு, கடைகளில் பில் குத்துவார்களே, அந்த மாதிரிக் கம்பியில் குத்திவிடுவார். உள்ளங்கை அகலத் தாளில் ஏழெட்டு வரிக்கு மேல் பிடிக்காது. அதுதான் அதன் உயர்வு என்று இப்போது தோன்றுகிறது. உன் போனில் நாலாயிரம் எழுதினாலும் இடம் இருக்கும், எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. போன தையில் அந்தக் கம்பிக் கட்டைப் பழைய பேப்பருக்குப் போட எடுத்தவள், உட்கார்ந்து புரட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். தேங்காய் அடித்திருக்கிறது, கரண்ட் பில் அடித்திருக்கிறது. ஆனால் 1994 தாளிலிருந்து ஒரு வார்த்தை மட்டும் அடிபடாமல் திரும்பத் திரும்ப வருகிறது: ‘பட்டா’. என் தாளிலும் நாலு வருஷமாக முதல் வரி அதேதான், ராஜி. நிலத்தோடு சேர்த்து அந்த வரியையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர். 1979-இல் உயில் எழுதாமல் போய்விட்டார். பட்டா இன்றைக்கும் அவர் பேரில்தான். மாற்ற வேண்டுமென்றால் தாத்தாவுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவுக்கும் அதே இரண்டு, வில்லங்கச் சான்று. வாரிசுச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகுதான் தாசில்தார் கையெழுத்து. ஆளுக்கொரு பங்காகப் பிரிப்பதென்றால் சர்வேயர் வந்து உட்பிரிவுக்கு அளக்க வேண்டும், கூட்டுப்பட்டா போதுமென்றால் அது வேண்டாம். மூன்றெழுத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தது இருபது வேலை. ‘தேங்காய்’ என்று எழுதினால் கடைக்குப் போகலாம். ‘பட்டா’ என்று எழுதினால் எங்கே போவது?

மகன் நாலு கட்டம் போட்டுக் காட்டினான். அவசரம், அவசரமில்லை, முக்கியம், முக்கியமில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் பேரில் வந்த முறையாம். அந்த மனிதரும் 1954-இல் ஒரு கூட்டத்தில், ஒரு பழைய கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னாராம், அவசரமானது முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானது அவசரமாக இருப்பதில்லை என்று. சரிதான். கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி உண்டு, தவறினால் பீஸைப் பிடுங்குவார்கள். பட்டாவுக்கு யார் பிடுங்க வருகிறார்கள்? ஆனால் எந்தக் கட்டம் என்று தெரிந்ததாலே வேலை நடந்துவிடவில்லை.

மகள் சொன்னதுதான் உறைத்தது. பழைய மெஸ்களில் சர்வர், நாம் சாப்பிட்டதையெல்லாம் எழுதாமலே கல்லாவைப் பார்த்துச் சொல்வாரே, பணம் கட்டினதும் மறந்துவிடுவார். பெர்லினில் இப்படி ஒரு சர்வரைக் கவனித்ததில் தொடங்கித்தான் ப்ளூமா சைகார்னிக் என்ற பெண் ஆராய்ச்சி செய்து, 1927-இல் எழுதினாராம், முடியாத வேலை மனசை விடாது என்று. 2011-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் அதற்கு மேலே போய், வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது, எங்கே, எப்படி என்று திட்டமாக முடிவு செய்தாலே மனசு அரிப்பதை நிறுத்திவிடுகிறது என்று கண்டார்களாம்.

சரி என்று பட்டாவை உடைத்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரி, ‘தாத்தாவின் வாரிசுகள் யார் யார்?’ அப்பா. பெரிய அத்தை. சின்ன அத்தை. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அத்தைகளுக்கும் சமபங்கு. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. அப்பா சோம்பேறியா? உரக்கடை பாக்கியை ஒரு நாள் தள்ளாதவர். தங்கைகள் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை எடுக்கப் பயந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் மட்டும் என்ன? மகளென்று என் பங்குக்காகத் தம்பியிடம் கறாராகப் பேசியவள், அத்தைகளை மறந்தே போயிருந்தேன். மறந்தேனா, ராஜி?

பெரிய அத்தை இப்போது இல்லை. மறுநாள் தாளில் ஒரே வரி எழுதினேன்: ‘பதினொரு மணிக்குச் சின்ன அத்தைக்குப் போன்.’ பத்தே முக்காலுக்கு எனக்கு அடுப்பைத் துடைக்க வேண்டும் போல் இருந்தது. துடைத்தேன். பிறகு போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னே அத்தை, “உங்கப்பன் கேப்பான் கேப்பான்னு இருந்தேன்டி” என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, “கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம், மொதல்ல வீட்டுக்கு வா” என்றார். தம்பிக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. அவனிடம் பேசுவது அடுத்த வாரத் தாளில் இருக்கிறது.

உன் நாற்பத்து மூன்றில் ‘அம்மா வீடு’ என்று ஒன்று இருப்பதாக எழுதியிருந்தாய். பூட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது, இல்லையா? அதை அப்படி எழுதாதே. அஞ்சறைப் பெட்டியை மட்டும் எடுத்துவரப் போ. இல்லையென்றால், பரணில் இருக்கும் பித்தளை அண்டா யாருக்கு என்று உன் அக்காவிடம் கேள். எனக்கென்னவோ உன்னை நிறுத்திவைத்திருப்பது வீடில்லை, அந்த அண்டாதான் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் எழுது.

வியாழக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறேன். அவருக்குப் பிடிக்கும் என்று கடலை உருண்டை வாங்க வேண்டும், அது நாளைய தாளில் முதல் வரி.

அன்புடன்,
விஜி