பெயரில்லாத 17 முகங்கள்

ஆசிரியருக்கு,

உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் பழைய புகைப்படங்களைத் திரட்டி வருவது பற்றிய செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், அதைவிட அவசரமான வேலை முதியவர்களின் நினைவுகளைப் பதிவதுதான். வாய்மொழி மரபும் காக்கப்பட வேண்டிய செல்வம் என்று யுனெஸ்கோ உடன்படிக்கை 2003-லேயே ஏற்றுக்கொண்டது.

எங்கள் குழுவுக்கு ஒரு பள்ளிப் படம் கிடைத்தது. மூதாட்டி ஒருவர் அதிலிருந்த 17 மாணவிகளையும் விரல் வைத்துப் பெயர் சொன்னார். அடுத்த வாரம் வந்து எழுதிக்கொள்கிறோம் என்று எழுந்து வந்தோம். அடுத்த வாரம் அவர் இல்லை. அந்தப் படத்தில் இன்றுவரை ஒரு பெயர்கூட இல்லை. நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. குழுக்கள் முதல் சந்திப்பிலேயே, ஒப்புதல் பெற்று, கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்யட்டும். படத்தின் பின்புறம் மென்பென்சிலால் பெயர்களை எழுதட்டும். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

- ஒரு வாசகர்